ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு ரேடியோவில் நான்

அக்டோபரில் எங்கள் பாட்டுக் குழுவின் கச்சேரி சர்ச்சில் நடந்தது. முப்பத்திரண்டு பேர் பாடினோம். கடைசிப் பாட்டில் இரண்டு சரணங்களை நான் மட்டும் தனியாகப் பாடினேன். அறுபத்து மூன்று வயதில் முதல் தடவையாகக் கிடைத்த தனிப் பாட்டு. ஊரே வந்திருந்தது, என் கணவன் எய்லெர்ட்டைத் தவிர.

அவன் கடமான் வேட்டைக்குப் போயிருந்தான். வருஷத்தில் அந்த ஒரு வாரம் எங்கள் ஊர் ஆண்களுக்குக் கல்யாணமும் கிடையாது, கருமாதியும் கிடையாது. கச்சேரி அடுத்த வருஷமும் வரும், கடமான் காத்திருக்காது என்று சொல்லிவிட்டுப் போனான். கடமானும் காத்திருக்கவில்லை. வெறுங்கையோடு திரும்பி வந்தான். நான் சண்டை போடவில்லை. உருளைக்கிழங்கை மட்டும் மூன்று மாதம் அரைவேக்காடாகவே போட்டேன். அவனும் வாய் திறக்காமல் மென்று விழுங்கினான்.

டிசம்பரில் செய்தி வந்தது. கச்சேரியைப் பதிவு செய்திருந்த வானொலிக்காரர்கள் அதை ஜனவரி பதினைந்தாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஒலிபரப்பப் போகிறார்களாம், ஒரே ஒரு தடவை. அதற்கு நான்கு நாள் முன்னால்தான் எங்கள் மாவட்டத்தில் பழைய எஃப்.எம். நிற்கப்போகிறது, நாட்டிலேயே முதலில். இனி எல்லாம் டிஜிட்டல். சமையலறையில் இருபது வருஷமாகக் கத்திக்கொண்டிருந்த எங்கள் ரேடியோ அன்றோடு ஊமை.

எய்லெர்ட்டுக்கு மன்னிப்புக் கேட்க வராது. அந்த வார்த்தை அவன் வம்சத்துக்கே வராது. பதிலாகக் கடைக்குப் போய்ப் பெரிய பெட்டியோடு வந்தான். உள்ளே ஒரு டிஜிட்டல் ரேடியோவும் கம்பியில்லாத மூன்று ஸ்பீக்கர்களும் இருந்தன. ஹாலுக்கு ஒன்று, படுக்கையறைக்கு ஒன்று, குளியலறைக்கு ஒன்று. என் குரல் வீடு முழுக்கக் கேட்க வேண்டுமாம். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது. அன்று உருளைக்கிழங்கைக் கொஞ்சம் கூடுதலாக வேகவைத்தேன்.

விளக்கப் புத்தகம் பதினான்கு மொழிகளில் இருந்தது. அவன் ஒன்றையும் படிக்கவில்லை. நகரத்தில் இருக்கும் மகள் இங்வில்லைக் கேட்கலாமே என்றேன். முப்பது வருஷம் கப்பல் எஞ்சின் ஓட்டியவனுக்கு ஒரு ரேடியோவை ஓட்டத் தெரியாதா என்றான். ஒலிபரப்புக்கு முதல் நாள், சனிக்கிழமை முழுக்கச் சுவரில் துளை போட்டான். ஞாயிறு துளை போட முடியாது. அன்று சத்தம் போடுகிறவனை எங்கள் ஊரில் மனுஷனாகவே மதிக்க மாட்டார்கள். ஸ்பீக்கர்களை மாட்டி முடித்தபோது மாலை ஆகிவிட்டது. ரேடியோ தனியாக நன்றாகவே பாடியது. ஸ்பீக்கர்களோடு சேர்ப்பது ஐந்து நிமிஷ வேலை, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டான்.

எங்களுடையது இரட்டை வீடு. நடுவில் ஒரே சுவர், அந்தப் பக்கம் மனைவியை இழந்த ஆஸ்முண்ட் என்ற மனிதர். எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒன்பது வருஷமாகப் பேச்சு இல்லை. பனி அள்ளுகிற இயந்திரம் யார் பக்கத்துப் பனியை யார் பக்கம் தள்ளியது என்பதில் ஆரம்பித்தது. பேச்சு இல்லையே தவிர, கடிதப் போக்குவரத்து உண்டு. எய்லெர்ட் ஒரு சீட்டு எழுதித் தபால் பெட்டியில் போடுவான். பதில் சீட்டு வரும். எவ்வளவு கோபமாக எழுதினாலும் இரண்டு பேரும் கீழே 'அன்பான வணக்கங்களுடன்' என்று போட மறந்ததில்லை. கதவைத் தட்டி நேரில் கேட்பது மட்டும் நடக்காத காரியம்.

ஞாயிறு காலை. வெளியே இன்னும் சரியாக வெளுக்கவில்லை. நான் வாஃபிள் சுட்டு, பழுப்புச் சீஸ் சீவி, நல்ல சட்டை போட்டுக்கொண்டு ஹாலில் உட்கார்ந்தேன். பத்துக்கு ஐந்து நிமிஷம் இருந்தபோது ரேடியோவின் சின்னத் திரையில் 'ஸ்பீக்கர் தேடுகிறது' என்று வந்தது. பிறகு ஒரே ஒரு பெயர் வந்தது. எய்லெர்ட் அதை அழுத்தினான். 'இணைந்தது' என்றது திரை. ரேடியோ வாயை மூடிக்கொண்டது.

ஸ்பீக்கரிலும் சத்தம் இல்லை. எய்லெர்ட் சத்தத்தைக் கூட்டினான். இன்னும் கூட்டினான். கடைசியில் குமிழைத் திருக முடிந்த வரை திருகிவிட்டான். அப்போதுதான் சுவருக்கு அந்தப் பக்கம் எங்கள் குழு பாட ஆரம்பித்தது. அலமாரியில் கோப்பைகள் அதிர்ந்தன.

எய்லெர்ட்டின் முகம் சிவந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் இவ்வளவு சத்தமா, அதுவும் அந்தாளுடைய ரேடியோ மட்டும் ஒழுங்காகப் பாடுகிறதா என்று பொருமினான். மேஜை இழுப்பறையிலிருந்து காகிதம் எடுத்துச் சீட்டு எழுத உட்கார்ந்தான். முதல் சீட்டு ரொம்ப மரியாதையாக வந்துவிட்டது என்று கசக்கிப் போட்டான். இரண்டாவதில் மரியாதை போதவில்லை. மூன்றாவதில் சரியான பதம் வந்தது.

அவன் எழுதிக்கொண்டிருக்கும்போது நான் ரேடியோவிடம் போனேன். என் பாட்டு வருவதற்கு மூன்று பாட்டுதான் பாக்கி, இந்த மனிதன் கடிதம் எழுதுகிறான். ஆத்திரத்தில் குமிழைக் குறைத்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் பாட்டு குறைந்தது. கூட்டினேன். கூடியது. மறுபடியும் குறைத்துப் பார்த்தேன். நேற்று மாலை குப்பை போடப் போனபோது காகிதத் தொட்டியில் எங்கள் பெட்டியைப் போலவே இன்னொரு அட்டைப் பெட்டி கிடந்தது நினைவுக்கு வந்தது. பிறகு எங்கள் ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து கழற்றிப் பார்த்தேன். அதை அவன் இன்னும் ஆன் செய்யவே இல்லை.

"எய்லெர்ட், எழுதினது போதும். சத்தம் போடறது அவர் இல்ல, நீதான். நம்ம ரேடியோ அவர் ஸ்பீக்கரப் பிடிச்சுக்கிட்டு அவர் வீட்டுல பாடுது."

அவன் பேனாவைக் கீழே வைத்தான். எழுந்து வந்து ரேடியோவைத் தொடப் போனான். நான் கையைப் பிடித்துத் தடுத்தேன். நேற்றிலிருந்து அவனுடைய ஐந்து நிமிஷங்களைப் பார்த்திருக்கிறேன். இப்போது பிரித்தால் ஈஸ்டருக்குத்தான் சேர்ப்பான்.

சுவரில் காதை வைத்துக் கேட்டால் என்ன என்று மெல்லக் கேட்டான்.

"அக்டோபர்ல கடமான். இப்போ சுவரா? போய்க் கதவத் தட்டு."

வட கடலில் புயலைப் பார்த்தவன் அந்தக் கதவை நினைத்து வெளிறிப்போனான். நான் அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவன் கம்பளிக் காலுறையோடு பனியில் இறங்கிவிட்டான், எழுதிய சீட்டும் கையோடு போனது. குமிழைக் காது தாங்குகிற அளவுக்குக் குறைத்துவிட்டு நானும் பின்னால் போனேன்.

கதவைத் தட்டக் கை ஓங்குவதற்குள் கதவு திறந்தது. ஆஸ்முண்ட் நின்றார். மரம் அறுக்கும்போது போடுகிற காதுமூடி கழுத்தில் தொங்கியது. அவர் கையிலும் ஒரு சீட்டு இருந்தது. ஒன்பது வருஷத்துக்குப் பிறகு முகத்துக்கு முகம் நின்ற இருவரும், பழக்க தோஷத்தில், சீட்டுகளை மாற்றிக்கொண்டார்கள்.

எய்லெர்ட் கையிலிருந்ததை நான் எட்டிப் படித்தேன். அது என் பெயருக்கு எழுதியிருந்தது. 'தோரா, உங்கள் ரேடியோ என் ஸ்பீக்கரில் பாடுகிறது போலிருக்கிறது. பாட்டு ரொம்ப நன்றாக இருக்கிறது. சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தால் இன்னும் நன்றாகக் கேட்கும். அன்பான வணக்கங்களுடன், ஆஸ்முண்ட்.' அவர் எய்லெர்ட் எழுதியதைப் படித்தார், மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். எய்லெர்ட்டின் காது மடல்கள் சிவந்ததைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது.

"உள்ள வாங்க. அடுத்தது தோராவோட பாட்டு," என்றார்.

நாங்கள் மூவரும் அவருடைய சோபாவில் வரிசையாக உட்கார்ந்தோம். என் குரல் வந்தது. எய்லெர்ட் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, பனி ஒட்டிய காலுறையையே பார்த்தபடி இரண்டு சரணங்களையும் கேட்டான். அசையவே இல்லை. பாட்டு முடிந்து கைதட்டல் வந்ததும் தொண்டையைச் செருமினான்.

"அடுத்தது இவ பாட்டுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அக்டோபர்ல போயிருந்தேனே. கடைசி பெஞ்சுல இருந்தேன்," என்றார் ஆஸ்முண்ட். "நேர்ல இன்னும் நல்லா இருந்துச்சு."

எய்லெர்ட் அவரைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். அவன் கண் கலங்கியிருந்தது.

"நான் வந்திருக்கணும், தோரா," என்றான்.

ஆஸ்முண்ட் காப்பி போடுகிறேன் என்று எழுந்து போனார். எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் அதை மறைக்கவில்லை.