ஐஸ் பெட்டி தர்மன் யோகாவுக்குப் போனது

தர்மனுக்கு ரத்த அழுத்தம் நூற்று எண்பதைத் தொட்டுவிட்டது. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்ததோடு நிற்கவில்லை. "தினம் யோகா பண்ணுங்க. மூணு மாசத்துல பிரஷர் இறங்கலேன்னா வண்டி ஓட்டறத விட்டுடணும்" என்று சொல்லிவிட்டார். வண்டியை விட்டால் தர்மனுக்கு வேறு பிழைப்பு கிடையாது. வேப்பந்தட்டையில் ஐஸ் பெட்டி வாடகைக்கு விடுகிறவர் அவர். சுற்றுவட்டாரத்தில் எங்கே சாவு விழுந்தாலும் மினி வேனில் பெட்டியைக் கொண்டுபோய், இறந்தவரை அதில் கிடத்தி, பிளக்கைச் செருகிவிட்டு வருவார்.

ஊரில் அவரைத் தெரியாதவர் இல்லை, அவர் வருவதை விரும்புகிறவரும் இல்லை. டீ குடிக்கப் போனால்கூட "யாருக்குய்யா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். தங்கச்சி மகள் வளைகாப்புக்கு அவர் சீர்த்தட்டோடு போனபோது, வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்தச் சொன்னவர் சொந்த மச்சான். அதனால் உள்ளூர் சுகாதார நிலையத்தில் இலவசமாகச் சொல்லித் தரும் யோகாவை விட்டுவிட்டு, விடிவதற்குள் பஸ் ஏறி, தன்னைத் தெரியாத பெரம்பலூருக்குப் போனார்.

அங்கே ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில், முகூர்த்தம் இல்லாத நாட்களில் காலை ஆறு மணிக்கு வகுப்பு. பன்னிரண்டு பேர் பாய் விரித்திருந்தார்கள். சொல்லித் தருகிற ஆர்த்திக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும். "என்ன வேலைங்க சார்?" என்று கேட்டாள்.

"டிரைவருங்க."

பக்கத்துப் பாயில் தங்கசாமி உட்கார்ந்திருந்தார். தாலுகா ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர், எழுபதைத் தாண்டியவர், எதையும் முழுசாகக் கேட்காமல் விடுகிறவர் இல்லை. "என்ன லோடு அடிக்கிறீங்க?"

"குறிப்பா ஒண்ணுன்னு இல்லீங்க ஐயா. கூப்பிட்ட எடத்துக்குப் போறதுதான்."

இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. இருந்தாலும் தர்மனுக்கு வேர்த்துவிட்டது.

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்பது அன்று நிரூபணம் ஆயிற்று. குனிந்து கால் விரலைத் தொடச் சொன்னால் அவர் கை முழங்காலோடு நின்றுகொண்டது. புது டிராக் பேன்ட் வேறு எந்த நேரமும் கிழிந்துவிடும் போலிருந்தது. யாராவது சிரிக்கிறார்களா என்று ஓரக்கண்ணால் பார்த்தார். யாருமே சிரிக்கவில்லை. அவரவர் முழங்காலோடு அவரவர் மல்லுக்கட்டிக்கொண்டு இருந்தார்கள். ஆர்த்தி ஒருத்திதான் வளைந்தாள். இது நமக்கும் ஒத்து வரும் போலிருக்கிறதே என்று அவருக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

"கடைசியா சவாசனம். மல்லாந்து படுத்துக் கண்ண மூடிக்குங்க. ஒடம்ப அப்படியே விட்டுடுங்க" என்றாள் ஆர்த்தி.

சவம் எப்படிக் கிடக்கும் என்று அந்தக் கூடத்தில் தர்மனைவிடத் தெரிந்தவர் யார்? படுத்தார், ஆனால் கண் மூட மறுத்தது. தலையைத் திருப்பினால் வரிசையாக ஆட்கள் அசையாமல் கிடந்தார்கள். பக்கத்தில் தங்கசாமி அயர்ந்து தூங்கிவிட்டார்; தாடை இறங்கி, வாய் திறந்து கிடந்தது.

மனுஷன் உயிரோடு இருக்கிறார் என்பது தர்மனின் புத்திக்குத் தெரியும். கைக்குத் தெரியவில்லை. பதினோரு வருஷப் பழக்கம் அது. புத்தி தடுப்பதற்குள் கை எழுந்துபோய்த் தங்கசாமியின் தாடையை ஏற்றி மூடி, தோள் துண்டை உருவி, நாடிக்கு அடியில் கொடுத்து, உச்சந்தலையில் ஒரு முடிச்சும் போட்டுவிட்டது.

தங்கசாமி முடிச்சோடு எழுந்து உட்கார்ந்தார். கூடமே எழுந்து உட்கார்ந்தது.

பின்வரிசையில் இருந்த லீலாவதி தர்மனை உற்றுப் பார்த்தாள். "நீங்க பெட்டிக்காரருதானே? போன ஐப்பசியில வாலிகண்டபுரத்துல எங்க வூட்டுக்காரருக்கு நீங்கதானே வந்தீங்க?"

இந்தப் பக்கம் இருந்த ஓர் அம்மாள் பாயை விருட்டென்று இழுத்துக்கொண்டு நகர்ந்தாள். தர்மனுக்கு அவமானத்தில் காது சுட்டது. பாயைச் சுருட்டத் தொடங்கினார். "மன்னிச்சுக்குங்க. டாக்டர் சொன்னாருன்னு வந்துட்டேன். இனிமே வரல."

"இருங்க" என்றாள் லீலாவதி. "அன்னிக்கு எங்க பங்காளிங்க அவரப் பொத்துன்னு பெட்டிக்குள்ள போடப் போனாங்க. நீங்கதான் தலைக்குக் கீழ கையக் குடுத்து, மெதுவா வைங்கன்னு அதட்டினீங்க. அந்த அழுகையிலயும் நான் பாத்துக்கிட்டுதான் இருந்தேன். எனக்கு அது பெரிய ஆறுதலா இருந்துச்சு."

இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு வார்த்தை அவரிடம் யாரும் சொன்னதில்லை. தர்மனுக்குக் கண் நிறைந்துவிட்டது. சுருட்டின பாயை என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார்.

தங்கசாமி மெதுவாக முடிச்சை அவிழ்த்தார். "கட்டு நல்லாத்தான் இருக்கு. உசுரோட இருக்கறப்பவே எதுக்குய்யா கட்டினீங்க?"

"கைப்பழக்கங்க ஐயா."

"இருக்கட்டும். அந்த நாள் வந்தா நீங்களே வந்து கட்டுங்க. இப்பப் பாய விரிச்சுப் படுங்க."

ஆர்த்திதான் முதலில் சிரித்தாள், பிறகு எல்லாரும். நகர்ந்துபோன அம்மாள் மட்டும் சிரிக்கவும் இல்லை, திரும்பி வரவும் இல்லை. அத்தனை பேரும் ஒரே காலையில் மாறிவிட மாட்டார்கள். தர்மன் படுத்தார். இந்தத் தடவை கண் தானாக மூடிக்கொண்டது.

வகுப்பு முடிந்ததும் பாயை இடுக்கிக்கொண்டு படிக்கட்டுவரை பேசாமல் போய்விட்டார். சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது என்பது வழக்கம். சொந்த வீட்டைத் தவிர எந்த வாசலிலும் சொல்லிக்கொள்ளாமல் இறங்கியே அவருக்குப் பழகிப் போயிருந்தது. இரண்டு படி இறங்கியவர் நின்று, திரும்ப ஏறி வந்தார்.

"போயிட்டு வரேங்க" என்றார். கொஞ்சம் உரக்கவே வந்துவிட்டது.

"வாங்க வாங்க" என்றார் தங்கசாமி. "நாளைக்கு ஆறு மணிக்கெல்லாம் வந்துடுங்க. ஒங்களுக்கு எடம் போட்டு வைக்கிறேன்."