டிவிக்கு வழி இல்லாத கேப்சர் கார்டு

ஒரு மின்விசிறி வாங்க என் கணவர் யோசித்து முடிப்பதற்குள் அந்த வருடத்துக் கோடையே முடிந்துவிட்டது. அதனால் கேப்சர் கார்டு வாங்கும் பொறுப்பையும் அவரே எடுத்துக்கொண்டபோது நான் காலண்டரைப் பார்த்தேன்.

கேப்சர் கார்டு என்பது தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு பெட்டி. கேம் கன்சோலிலிருந்து வரும் படத்தைப் பிடித்துக் கணினிக்குள் அனுப்பும். அங்கே அதைப் பதிவு செய்யலாம், நேரலையாகவும் விடலாம். எனக்கு நேரலைக்குத்தான் தேவைப்பட்டது. அதுவும் பொழுதுபோக்குக்கு இல்லை, மானத்துக்கு.

மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிறவள் நான். பகல் முழுக்க "மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க" என்று மற்றவர்களை அசையவிடாமல் நிறுத்திவிட்டு, வீட்டுக்கு வந்ததும் கார் பந்தயத்தில் உட்கார்ந்துவிடுவேன். மேசையில் ஸ்டீயரிங், காலடியில் பெடல்கள், எதிரே டிவி. இணையத்தில் ஒரு குழு இருக்கிறது. அங்கே எல்லோருக்கும் பட்டப்பெயர்தான். குழுவை நடத்துபவர் 'கொடி'. நான் 'எக்ஸ்ரே'. யார் எந்தப் பாதையை எவ்வளவு நேரத்தில் முடித்தார்கள் என்பது குழுவின் பட்டியலில் தானாகவே ஏறிவிடும். எனக்கு முன்பு அதில் முதலிடத்தில் இருந்தவர் 'டர்போ'. நான் அவரை முந்திய அன்று "கலக்கிட்டீங்க தம்பி" என்று எழுதினார். மைக்கில் என் குரலைக் கேட்ட பிறகு அவரிடமிருந்து பாராட்டு வரவில்லை.

பாராட்டு வராதது பெரிய விஷயமில்லை. என் கணவருக்கு ஒரு பழக்கம் உண்டு. நான் ஓட்டும்போது பின்னால் உட்கார்ந்துகொண்டு "பிரேக்! பிரேக்!" என்று கத்துவார். அவர் கத்துவதற்கும் நான் பிரேக் பிடிப்பதற்கும் சம்பந்தமே கிடையாது. ஆனால் அந்தக் குரல் மைக் வழியாக எல்லோருக்கும் கேட்டிருக்கிறது. ஒரு நாள் டர்போ குழுவில் எழுதினார்: "ஓட்டுறது அவங்க வீட்டுக்காரர். மேடம் சும்மா பேருக்கு."

நாலைந்து பேர் அதற்குச் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். கொடி நியாயஸ்தர். அவர் ஒரு வழி சொன்னார். ஞாயிற்றுக்கிழமை மதியப் பந்தயத்தை நான் நேரலையில் ஓட்டிக் காட்ட வேண்டும். டிவியைப் போனில் படம் பிடித்தால் செல்லாது. பழைய பதிவை ஓடவிட்டுவிட்டு ஸ்டீயரிங்கைச் சும்மா ஆட்டலாமாம். கேம் படம் நேராகக் கணினி வழியாக வர வேண்டும், ஒரு மூலையில் என் முகமும் கையும் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் என் நேரங்களையெல்லாம் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். இரண்டு வருடம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து ஓட்டியது அத்தனையும் என் கணவர் கணக்கில் போய்விடும்!

"விடு, நான் பார்த்துக்கிறேன்" என்றார் அவர். எங்கள் வீட்டில் மின்சாரத்தில் ஓடும் எதையும் வாங்குவது அவர் இலாகா. காப்பீட்டு நிறுவனத்தில், இழப்பீடு கேட்டு வருகிறவர்களின் காகிதங்களில் ஓட்டை கண்டுபிடிப்பது அவருக்கு வேலை. அந்தக் கண்ணோடுதான் கடைக்கும் போவார்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் வேணும்" என்றேன். "கார்டுல ரெண்டு ஹெச்டிஎம்ஐ ஓட்டை இருக்கணும். கன்சோல்லேருந்து உள்ள வர ஒண்ணு, டிவிக்கு வெளிய போக ஒண்ணு. மத்ததெல்லாம் உங்க இஷ்டம்."

"எதுக்கு டிவிக்கு?"

"நான் டிவியைப் பார்த்து ஓட்டுவேன். கம்ப்யூட்டர் அது பாட்டுக்கு நேரலை விடும்."

"சரி சரி, புரியுது."

புரியவில்லை என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. அன்றிலிருந்து வீட்டில் வேறு பேச்சே இல்லை. சாப்பிடும்போது ஃபிரேம் ரேட், பல் தேய்க்கும்போது பிட்ரேட். முன்பின் தெரியாதவர்கள் எழுதிய விமர்சனங்களை எனக்கு வாசித்துக் காட்டுவார். யாரோ ஒருவருக்கு கார்டு வந்த டப்பா நசுங்கியிருந்ததாம். அதற்காக அந்த கார்டையே ஒதுக்கிவிட்டார்.

"4K பதிவு வேணுமா, 4K உள்ள வாங்கினா மட்டும் போதுமா?" என்று குளியலறைக் கதவைத் தட்டிக் கேட்டார்.

"நம்ம டிவியே 4K இல்லைங்க!"

"நாளைக்கு வாங்கினா?"

"ஞாயித்துக்கிழமைக்கு முன்னாடி வாங்கப் போறீங்களா?"

கதவுக்கு வெளியே போனைத் தேய்த்துக்கொண்டு நிற்கிறார் என்று தெரிந்தது.

புதன்கிழமை கார்டு வந்தது. அட்டைப் பெட்டியில் தங்க நிறத்தில் 4K என்று இவ்வளவு பெரிதாக எழுதியிருந்தது. பிரித்தேன். ஒரு பக்கம் ஒரு ஹெச்டிஎம்ஐ ஓட்டை. மறுபக்கம் கணினியில் செருக ஒரு குட்டிக் கம்பி. திருப்பிப் பார்த்தேன், புரட்டிப் பார்த்தேன், அவ்வளவுதான் இருந்தது.

"இன்னொரு ஓட்டை எங்கங்க?"

"நீ சொன்ன மாதிரியும் பார்த்தேன். அது ரொம்ப சூடாகுதுன்னு மூணு பேர் எழுதியிருக்காங்க. இதுக்கு எல்லாருமே நல்லா எழுதியிருக்காங்க." பிறகு ஏதோ எனக்கு நல்லது செய்வது போலக் குரலைத் தணித்துக்கொண்டார். "கம்ப்யூட்டர்லயே படம் தெரியுதேம்மா. அதைப் பார்த்தே ஓட்டேன். ஒரே படத்தை ரெண்டு இடத்துல எதுக்குப் பார்க்கணும்?"

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தேன். நல்ல மார்க் வாங்கிக்கொண்டு வந்த பையன் போல நின்றார். சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு கம்பியைச் செருகினேன்.

திரை கன்னங்கரேல் என்று இருந்தது. அவர் உதவி எண்ணுக்குப் போன் போட்டார். கழற்றி மாட்டச் சொன்னார்கள். கழற்றி மாட்டினோம். மறுபடி கழற்றி மாட்டச் சொன்னார்கள். மறுநாள் வேலை இடைவேளையில் நானே தேடிக் கண்டுபிடித்தேன்: திருட்டுப் பதிவு நடக்காமலிருக்க கன்சோலுக்குள் ஒரு பூட்டு இருக்கிறது, அதை அமைப்புகளுக்குள் போய் அணைத்தால்தான் கேம் படம் வெளியே வரும். அணைத்தேன், படம் வந்தது. ஆனால் விக்கல் எடுத்தவன் மாதிரி நின்று நின்று ஓடியது. அதற்கு ஒரு நாள் போயிற்று. கடைசியில் மேசைக்கடியில் தவழ்ந்து போய்ப் பார்த்தால், அவர் கார்டைக் கணினியின் பழைய, மெதுவான யுஎஸ்பி ஓட்டையில் சொருகி வைத்திருந்தார். "எல்லா ஓட்டையும் ஒண்ணுதானே" என்றார். நிமிர்ந்ததில் என் தலை மேசையில் இடித்தது.

சனிக்கிழமை மாலைதான் படம் தெளிவாக ஓடியது. அப்பாடா என்று உட்கார்ந்து ஸ்டீயரிங்கைப் பிடித்தேன். முதல் வளைவில் பிரேக்கை மிதித்தேன். கார் போய்க்கொண்டே இருந்தது. சுவரில் மோதிய பிறகு பிரேக் பிடித்தது.

கன்சோலிலிருந்து கார்டுக்குள் போய், கார்டிலிருந்து கணினிக்குள் போய், அதற்குப் பிறகு திரைக்கு வருவதற்குள் படம் கொஞ்சம் பிந்திவிடுகிறது. கண் இமைக்கிற நேரம்தான். சினிமா பார்ப்பவனுக்கு அது தெரியவே தெரியாது. வளைவுக்குள் நுழைகிறவளுக்கு உயிர்போகிற விஷயம். இதற்காகத்தான் டிவிக்குப் போகிற ஓட்டை வேண்டும் என்று கரடியாகக் கத்தினேன்.

"கொஞ்சம் முன்னாடியே பிரேக் பிடிச்சாப் போச்சு" என்றார் அவர்.

முன்கூட்டியே பிடித்தும் பார்த்தேன். முன்கூட்டித் திருப்பினால் எவ்வளவு திரும்பியது என்று தெரியாமல் மறுபடி திருப்ப, கார் குடிகாரனைப் போலத் தள்ளாடியது. படத்தை இரண்டாகப் பிரித்து டிவிக்கும் கார்டுக்கும் தனித்தனியே அனுப்ப ஒரு பெட்டி இருக்கிறது. கடை கடையாகப் போன் செய்தேன். "செவ்வாய்க்கிழமை வரும் மேடம்" என்றார்கள். கார்டை மாற்றித் தர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். டிவியைப் பார்த்து ஓட்டினால் நேரலை கிடையாது. நேரலை விட்டால் பிந்தி வரும் படத்தைப் பார்த்துத்தான் ஓட்ட வேண்டும். வராமலே இருந்துவிட்டால் என் பெயரை எடுத்துவிடுவார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் இடித்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் நேரலையில் உட்கார்ந்தேன். திரையின் மூலையில் என் முகம், ஸ்டீயரிங் மேல் என் கைகள். வழக்கமாக எட்டிப் பார்க்காதவர்கள்கூட வந்திருந்தார்கள். என் கணவர் கேமராவில் தெரியாமல் சுவரோரமாக நின்றார். அன்றைக்கு ஒருமுறைகூட "பிரேக்" என்று கத்தவில்லை.

கடைசியாக வந்தேன். கடைசி என்றால், எனக்கு முன்னால் வந்தவர் காரை விட்டு இறங்கி டீ குடித்திருக்கலாம்.

"கேப்சர் கார்டு வழியா படம் லேட்டா வருது. கண்ணால பார்த்து ஓட்ட முடியல" என்று மைக்கில் சொன்னேன். என் குரல் எனக்கே நொண்டிச்சாக்குப் போலக் கேட்டது.

டர்போ எழுதினார்: "நாங்களும் கார்டு வச்சுத்தான் ஓட்டுறோம்." அவருடையதில் டிவிக்கு வழி இருக்கும். நான் சொன்னேன். யாரும் கேட்கவில்லை. சிரிப்புப் பொம்மைகள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன.

கொடி மைக்கில் வந்தார். "மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. சார் பக்கத்துல இருக்காரா?"

என் கணவர் கேமராவுக்குள் வந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"சார், நீங்களே சொல்லுங்க. பட்டியல்ல இருக்கிறதெல்லாம் யார் ஓட்டினது?"

ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் என்னைப் பார்த்தார். என் முகம் எப்படி இருந்ததோ தெரியாது. பாவமாகத்தான் இருந்திருக்க வேண்டும். என்னைக் காப்பாற்ற வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. மொத்தத்தையும் இழப்பதற்குப் பாதியாவது மிஞ்சட்டும் என்று, ஆபீசில் செய்வது போலவே ஒரு சமரசம் செய்தார்.

"ரெண்டு பேரும்தாங்க" என்றார்.

என் காதில் நெருப்பைக் கொட்டியது போல இருந்தது. எழுந்தேன். அவர் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தேன்.

"ஓட்டுங்க."

"என்னம்மா, எனக்கு எப்படி..."

"எல்லாரும் பார்க்கிறாங்க. ஓட்டுங்க!"

ஓட்டினார். புறப்படவே தெரியவில்லை. பிரேக்கை ஆக்சிலேட்டர் என்று நினைத்து அதன்மேல் ஏறி நின்றார். ஒருவழியாகப் புறப்பட்டதும் முதல் வளைவில் திரும்பாமல் நேராக வேலிக்குள் போனார், வேலியிலிருந்து பின்னால் எடுக்கிறேன் என்று இன்னும் உள்ளே போனார். பிறகு பாதைக்கு வந்து, வந்த திசையிலேயே திரும்பிப் போனார். குழுவே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை, ஆனால் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. நான் ஓட்டி நிரூபிக்க முடியாததை அவர் ஓட்டி நிரூபித்துவிட்டார் என்று நினைத்தேன்.

"சரிங்க, இவர் இல்லை" என்றார் கொடி, சிரிப்பை அடக்கிக்கொண்டு. "சார், அப்ப வீட்ல வேற யாரு இருக்கா? பையன், மச்சான், யாராவது?"

அவர் கைகள் ஸ்டீயரிங்கில் அப்படியே நின்றன. அவருக்கு அப்போதுதான் உறைத்தது என்று அவர் கழுத்து சிவந்ததிலிருந்தே தெரிந்தது. மைக்குப் பக்கம் குனிந்தார்.

"வேற யாரும் இல்லைங்க. இவதான் இருக்கா. எல்லாமே இவதான் ஓட்டினா."

"அவங்களைத்தான் இப்பப் பார்த்தோமே சார்" என்றார் கொடி, ரொம்ப மரியாதையாக.

நேரலையை அணைத்தேன். கார்டைப் பிடுங்கி மேசையில் போட்டுவிட்டு, கன்சோல் கம்பியை நேராக டிவியில் செருகினேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "எழுந்திருங்க" என்றேன், எழுந்துகொண்டார்.

அழுகை வரும் என்று நினைத்தேன், வந்தது வெறும் கோபம்தான். அந்தக் கோபத்தோடு அதே பாதையை எடுத்தேன். நினைத்த இடத்தில் பிரேக் பிடித்தது, திருப்பிய இடத்தில் திரும்பியது. வேலிக்கும் காருக்கும் இடையில் ஒரு விரல்கூட நுழையாது. முடித்தபோது திரையில் வந்த நேரம் நான் இதுவரை பார்க்காத நேரம். டர்போவும் பார்த்திருக்க மாட்டார். பட்டியலில் அது தானாகப் போய் முதல் வரியில் உட்கார்ந்தது.

மேசையில் என் போன் அதிர்ந்தது. அவர்தான் எடுத்துப் பார்த்தார். பார்த்தவர் என்னிடம் காட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். நான் பிடுங்கிப் படித்தேன்.

டர்போ எழுதியிருந்தார்: "ஓட்டுற ஆள் வந்துட்டாரு போல."