கேரட் தோல்

முயல் நேற்று செத்துப்போனது. கணவர் அதைப் பழைய துண்டில் சுற்றிக் கொல்லையில் புதைத்தார். பிள்ளைகள் இரண்டும் ஓவென்று அழுதன. எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. கூண்டு கழுவியதும் தீனி வைத்ததும் நான்தான். கொஞ்சியது மட்டும் அவர்கள்.

இன்று காலையும் கேரட் சீவினேன். துண்டுகளைப் பிள்ளைகளின் டிபன் டப்பாவில் அடைத்தேன். தோலைக் கூண்டுத் தட்டில் போட்டுக் கதவைச் சாத்திக் கொக்கியும் மாட்டினேன்.

"அம்மா, நீ..." என்று பெரியவன் வாயெடுத்தான். சின்னவள் அவன் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள்.

"காலங்காத்தாலயே ஆரம்பிச்சாச்சா?" என்று இருவரையும் அதட்டிவிட்டு அவர்களுடைய ஷூவை எடுத்துவரப் போனேன்.

திரும்பி வந்தபோது கூண்டு திறந்திருந்தது. தட்டு காலி. சின்னவளின் கன்னம் இரண்டும் உப்பியிருந்தன.

"என்னடி வாயில?"

அவள் அவசரமாக மென்று விழுங்கினாள்.

"முயல் சாப்டுடுச்சும்மா."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தட்டை எடுத்துப்போய்க் கழுவினேன். துடைத்து, மறுபடியும் கூண்டுக்குள்ளேயே வைத்தேன்.