குரல் கேட்டால்தான் கணக்கு

குரண்டா மலைக்காட்டில் வருடாந்திரப் பறவைக் கணக்கெடுப்பு என்றால், ஓடைப்பாதை டெஸ்ஸுக்கும் அவன் மனைவி லோர்னாவுக்கும்தான். கல்யாணமான வருடத்திலிருந்து அது எழுதாத சட்டம். இந்த வருடம் டெஸ், பறவைச் சங்கத்தில் புதிதாகச் சேர்ந்த ரோவீனாவைக் கூட்டிக்கொண்டான். லோர்னாவுக்குக் கிடைத்தது தேநீர்ப் பொறுப்பு. வயிறு எரியாமல் என்ன செய்யும்? கெட்டிலை அப்படியே போட்டுவிட்டு அவர்கள் பின்னாலேயே போய்விட்டாள்.

அத்திமரத்தடியில் இருவரும் தோள் உரச நின்றிருந்தார்கள். டெஸ் விரலை உயர்த்தினால் அவள் தலையாட்டுவாள், பேச்சே கிடையாது. அப்படிப் பேசாமல் பேசுவது தன்னுடைய சொத்து என்று லோர்னா நினைத்திருந்தாள்.

கிளையில் ஒரு தேனுண்ணி. அந்தக் காட்டில் தேனுண்ணி மூன்று வகை. மூன்றும் பாசிப்பச்சை, மூன்றுக்கும் காதோரம் மஞ்சள் பொட்டு. பெற்ற தாய்க்கே குழப்பம் வரும். அதனால் சங்கத்தில் ஒரு வழக்கம்: குரலை இருவர் கேட்டால்தான் கணக்கில் ஏறும். கடகடவென்று உருட்டினால் லூயின் தேனுண்ணி. சின்னதாக ஒற்றை 'டிக்' என்றால் நளினத் தேனுண்ணி. மூன்றாவதுக்கு வேறொரு குரல்.

"நளினம்," என்றாள் ரோவீனா. டெஸ் தலையாட்டினான்.

லோர்னாவுக்குப் பொறுக்கவில்லை. "எத வச்சு? அது இன்னும் வாயே தெறக்கல. நீ எதச் சொன்னாலும் டெஸ் தலையாட்டுவான் போல."

ரோவீனா டெஸ்ஸைப் பார்த்தாள். டெஸ் தரையைப் பார்த்தான். லோர்னாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கையும் களவுமாகப் பிடித்துவிட்டதாகவே நினைத்தாள்.

அதற்குள் பறவை கைக்கெட்டும் கொடிக்குத் தாவியது. மெல்லிய அலகைப் பூவுக்குள் விட்டுத் தேன் குடித்து நிமிர்ந்தது. அலகு திறந்தது, தொண்டை துடித்தது, மூடியது. மறுபடி திறந்தது. லோர்னா காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். ஓடை கேட்டது. தூரத்து ரயில் கேட்டது. பறவை மட்டும் ஊமையாக வாயசைத்தது.

"எப்பலேருந்து?" என்றாள் டெஸ்ஸிடம்.

"போன மழைக்கு முன்னாடியே இந்த 'டிக்' உனக்குக் கேக்கல. எனக்குச் சொல்ல வாய் வரல, லோர்னா. தேநீர் பக்கம் வச்சுட்டா உனக்குத் தெரியாமலே போயிடும்னு நெனச்சேன்."

ரோவீனா பென்சிலோடு காத்து நின்றாள். கூந்தலை ஒதுக்கியிருந்ததில் அவள் காதுகள் தெரிந்தன. புருஷனைப் பறிக்க வந்தவள் என்று அவளை வெறுப்பது எவ்வளவு சுலபமாக இருந்தது. இப்போது லோர்னாவின் வயிறு முன்னைவிட மோசமாக எரிந்தது.

"எழுதிக்கோ," என்றாள். "ரெண்டு பேருக்குக் கேட்டிருக்கு."