மருமகள் போகும் இடம்

அடுத்த வீட்டு எகேசா அண்ணன் ஒரே காலையில் நாலு முறை ஆற்றங்கரைக்கு ஓடினால் என் கண்ணில் படாமல் போகுமா? வேலிக்கு இந்தப் பக்கம் மரவள்ளிக்கிழங்கு காயப்போட்டபடி பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். முந்தாநாள் அக்கரையில் ஒரு சாவு வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்த மனுஷன். அந்த ஊரில் அதற்குள் இரண்டு பேரைக் காலரா கொண்டுபோயிருந்தது. என்ன அண்ணே என்று கேட்டதற்கு, மீன் ஒத்துக்கொள்ளவில்லை என்றார்.

அவர் வீட்டில் கக்கூஸ் இல்லாமல் இல்லை. மகன் நைரோபியில் வேலை பார்க்கிறான். வெள்ளம் வடிந்ததும் மருமகள் நசிகே தானே குழி வெட்டி, மண் பூசி, கூரையும் போட்டாள். சுகாதாரத் தொண்டன் எட்டிப் பார்த்து, இந்த வீட்டில் கக்கூஸ் உண்டு என்று கதவில் சுண்ணாம்பால் ஒரு குறி போட்டுவிட்டுப் போனான். யார் யார் போகிறீர்கள் என்று கேட்கத் தோன்றவில்லை அவனுக்கு. மருமகள் போகும் இடத்துக்கு மாமனார் போவது எங்கள் பக்கத்தில் நடக்காத காரியம். அவருக்கென்று தனியாக வெட்டலாமென்றால், அந்த வீட்டில் மேடான இடம் அது ஒன்றுதான். மற்ற இடத்தில் முழங்கால் ஆழத்திலேயே தண்ணீர்.

மத்தியானம் நசிகே வந்து நின்றாள். இடுப்பில் இரண்டு வயது நெரிமா. விறகெல்லாம் நனைந்துவிட்டது, தண்ணீர் காய்ச்ச வழியில்லை என்று ஆரம்பித்தாள். விறகுக்காக மட்டும் வந்த முகமாக அது இல்லை.

"மாமாகிட்ட இதையெல்லாம் நான் பேச முடியுமா அக்கா? நீங்கதான் சொல்லணும். அவர் போற அந்த ஆத்துத் தண்ணியத்தான் என் புள்ள குடிக்குது."

இந்த வயதில் எனக்கு இது வேண்டுமா? போனேன். அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தார்.

"மருமக போற இடத்துல நான் போய் உக்காரவா? அதுக்குச் செத்துரலாம்."

"சாகிறது உங்க இஷ்டம். பேத்தியையும் கூட்டிட்டுப் போகாதீங்க. என் வீட்டுக் கக்கூஸ் மேட்டுலதான் இருக்கு. அங்க வாங்க."

"புருஷன் இல்லாத பொம்பள வீட்டுக்கா? ஊரு என்ன பேசும்?"

"இந்த ஊருல பேசுறதே நான்தானே அண்ணே."

வந்தார். தொண்டன் கொடுத்த உப்புச் சர்க்கரைப் பொடியைக் கரைத்து வேலி வழியாக நீட்டினேன். குழியில் சாம்பல் போட்டேன். சோப்பு போட்டுக் கை கழுவுகிறாரா என்று காவல் நின்றேன். என் காய்ந்த விறகில் பாதியை நசிகே தூக்கிக்கொண்டு போனாள்.

அண்ணனுக்கு நாலாம் நாள் வயிற்றுப்போக்கு நின்றது. வருவது நிற்கவில்லை. வேறெங்கே போவார்? ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில், எனக்குப் பின்வரிசைப் பெண்கள் எங்கள் இருவர் கல்யாணத்துக்கு என்ன துணி எடுப்பது என்று என் காதுபடவே பேசினார்கள். நானாக இருந்தால் இன்னும் நன்றாகப் பேசியிருப்பேன்.

தினமும் விடிந்ததும் வேலிக்கு அந்தப் பக்கம் நசிகேயிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன், நெரிமாவுக்கு வயிறு எப்படி என்று. அவள் விறகு கொண்டுபோய் இன்றைக்கு எட்டாம் நாள். ஒன்றுமில்லை அக்கா என்கிறாள்.