மெயின் அணைத்த வீட்டில் நட்சத்திரம்

"லைன்மேன் வந்து பார்க்கிற வரைக்கும் உள்ள கால் வைக்காதீங்கன்னு சொன்னேன்ல?" ஃபிளோரா கணவனின் சட்டையைப் பின்னாலிருந்து கொத்தாகப் பிடித்தாள்.

ரெமிஜியஸ் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ரோட்டின் விளிம்பில் நின்றான். திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே அவர்கள் தெருவில் வெள்ளம் புகுந்து நாலு நாள். பள்ளிக்கூட முகாமிலிருந்து இப்போதுதான் திரும்பியிருந்தார்கள். ரோட்டில் தண்ணீர் வடிந்துவிட்டது. ரோட்டைவிடத் தாழ்ந்த வீடுகளுக்குள் மட்டும் முழங்காலளவு நின்றது.

"சட்டைய விடுடி. இன்ஜின் ஹேண்டில் பரண்ல இருக்கு. வயல் தண்ணிய இன்னைக்கு இறைச்சாதான் பயிர் பிழைக்கும். நாளைக்கு அழுகிடும்."

டீசல் இன்ஜின் வயல் மேட்டில் நின்றது. திருடு போகக் கூடாதென்று ஹேண்டிலை மட்டும் கழற்றி வீட்டில் வைத்துக்கொள்வான். அந்தக் கெட்டிக்காரத்தனம் இப்போது வினையாகிவிட்டது.

"மெயின் சுவிட்ச நீதானே அணைச்சே?"

"அணைச்சேன். அதுக்கு மேல எனக்கு என்ன தெரியும்? தெரிஞ்சவர் வந்து பார்க்கட்டும்."

பைக்கில் சாய்ந்திருந்த கொழுந்தன் ஜோசப்ராஜ் சிரித்தான். தெருவில் ஒயரிங் வேலையெல்லாம் அவன்தான். "அண்ணிக்கு லைன்மேன் சொன்னா சாமியார் பிரசங்கம் மாதிரி. நாலு நாளா ஊருக்கே கரண்ட் இல்ல. மெயினும் ஆஃப். அப்புறம் எங்கேருந்து வரும், ஆத்துலேருந்தா?"

"நீங்க பேசாதீங்க தம்பி."

"பத்து மா நிலத்துப் பயிருடி," என்றான் ரெமிஜியஸ்.

"போகட்டும். தையில உளுந்து தெளிக்கலாம். நீங்க போனா நான் எதத் தெளிக்கிறது?"

அவன் உதறினான். பொத்தான் தெறித்தது. ஒரு காலைத் தண்ணீருக்கு மேல் நீட்டிய நேரத்தில், தலைக்கு மேல் சிவப்பு வெளிச்சம் விழுந்தது.

மூங்கிலில் கட்டிய கிறிஸ்துமஸ் நட்சத்திரம் எரிந்தது.

ஃபிளோரா இழுத்த இழுப்பில் இருவரும் ரோட்டில் விழுந்தார்கள். அங்கிருந்தே திறந்திருந்த வாசல் வழியாகப் பார்த்தாள். ஊருக்குக் கரண்ட் வந்திருந்தது; ஆனால் மெயின் அணைத்தது அணைத்தபடி இருந்தது. தெருவிளக்குக் கம்பத்திலிருந்து ஓர் ஒயர் ஜன்னல் வழியாக வீட்டுக்குள் போயிருந்தது. டேப் சுற்றிய அதன் ஒட்டு தண்ணீரில் முங்கிக் கிடந்தது. அங்கிருந்து மேலேறி நட்சத்திரத்துக்குப் போயிருந்தது.

ஜோசப்ராஜின் சிரிப்பு போய்விட்டது. "வீட்ல கரண்ட் போனாலும் ஸ்டார் அணையக் கூடாதுன்னுதான் அண்ணி... தெருவிளக்கு லைன்ல..."

"எத்தன வீட்டுக்கு இப்படி?"

அவன் தெருவைப் பார்த்தான். கடைசி வீடு வரை நட்சத்திரங்கள் எரிந்துகொண்டிருந்தன. மூன்றாம் வீட்டு வாசலில் இருதயம்மாள் வாளியோடு புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டிருந்தாள்.

"அத்தை, இறங்காதீங்க. தண்ணில கரண்ட் இருக்கு." ஃபிளோராவின் தொண்டை கிழிந்தது. இருதயம்மாள் அப்படியே நின்றாள்.

ஃபிளோரா கொழுந்தன் பக்கம் திரும்பினாள். "ஓடுங்க. ஒவ்வொரு வாசல்லயும் நின்னு, ஒயர் இழுத்தது நான்தான், உள்ள போகாதீங்கன்னு உங்க வாயால சொல்லுங்க. நான் லைன்மேனுக்குப் போன் பண்றேன்."

"அண்ணி, கரண்ட் திருட்டுன்னு கேஸ் போடுவாங்க."

"போடட்டும். பொணம் தூக்குறதுக்கு அது தேவலை."

அவன் ஓடினான்.

ரெமிஜியஸ் உட்கார்ந்தபடியே வீட்டைப் பார்த்தான். "ஹேண்டில்..." என்றான் மெதுவாக.

"இன்னொரு தடவ அந்தப் பேச்ச எடுத்தீங்க, நானே உங்கள உள்ள தள்ளிடுவேன்."

காதில் வைத்த போனில் மணி போய்க்கொண்டிருந்தது. இன்னொரு கை அவன் சட்டையை விடவில்லை.