அப்பாவின் செட்டிங்

வாடகை நாற்காலிக்காரர் வாசலில் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே வந்தபோது, கடைசி நாற்காலியில் மட்டும் ஒருவர் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார். அவரை எழுப்பச் சின்னவள்தான் போக வேண்டியிருந்தது. அப்பாவைக் கொண்டுபோய் எல்லாம் முடித்துவிட்டு வந்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. அண்ணன் பெரியவன் மூன்று நாள் தூக்கத்தையும் சேர்த்து, அடித்துப்போட்டதுபோல் கூடத்துத் தரையில் கிடந்தான்.

உட்கார்ந்திருந்தவர், எல்லோரும் தாளம் என்று கூப்பிடுகிறவர். மேடையில் மின்னணுக் கருவி தட்டுகிறவர். சொந்தப் பெயரைக் கையெழுத்துப் போடும்போது மட்டும் பயன்படுத்துவதாகக் கேள்வி. தன்னைவிட ஐந்து வயது இளையவளான சின்னவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார். காரியம் ஆக வேண்டியிருந்தால் இரண்டு தடவை கூப்பிடுவார்.

"அக்கா, அக்கா... கேக்கவே நாக்கு கூசுது. நாளைக்கு நிகழ்ச்சி. அந்தப் பெட்டி..."

"உள்ள வாங்க."

அவருக்கும் இன்னும் சிலருக்கும் கருவி செய்து கொடுப்பதுதான் சின்னவளின் தொழில். நரம்பும் தோலும் இல்லாத கருவிகள். ரப்பர் பேடில் விரலை வைத்து அழுத்தினால், பெட்டிக்குள் இருக்கும் சிப் அந்த அழுத்தத்தை அளந்து ஒலியாக்கும். எதைச் செய்தாலும் முதலில் தட்டிப் பார்ப்பவர் அப்பா. முப்பத்திரண்டு வருஷம் பேருந்து ஓட்டிய கை. அவர் கதவைச் சாத்தினால் பக்கத்து வீட்டுக்காரர் தன் கதவைத் திறந்து பார்ப்பார். "லேசா தொடுங்கப்பா" என்றால்கூட ஸ்பீக்கர் அலறும். "தொட்டதுக்கே இந்தக் கத்து கத்துதே, இது கருவியா, உங்கம்மாவா?" என்பார். கடைசியில் அவருக்கென்றே ஒரு செட்டிங் செய்து, 'அப்பா' என்று பெயர் போட்டுச் சேமித்து வைத்தாள். அதில் நன்றாக ஊன்றி அழுத்தினால்தான் ஒலி வரும். அதற்குக் குறைந்ததையெல்லாம் பெட்டி குறித்து வைத்துக்கொள்ளும், வாயைத் திறக்காது.

தாளத்துக்காகச் செய்த பெட்டி ஆஸ்பத்திரிப் பையிலேயே இருந்தது. அப்பாவின் மூக்குக் கண்ணாடிக்கும் செருப்புக்கும் அடியிலிருந்து அதை எடுத்துக் கொடுத்தாள். தாளம் வேலை அறையில் உட்கார்ந்து அதை லேப்டாப்பில் இணைத்தார்.

பக்கவாதம் அப்பாவின் பேச்சை எடுத்துக்கொண்டு, வலது கை ஆள்காட்டி விரலில் மட்டும் கொஞ்சம் அசைவை விட்டு வைத்திருந்தது. இனிமேல் செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கொண்டுபோவதானால் இன்றைக்கே போகலாம், ஐந்து மணிக்குள் முடிவு சொல்லுங்கள் என்றார் டாக்டர். வீட்டுக்குத்தான் என்றாள் அம்மா. வழியில் ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது என்று பெரியவன் குதித்தான். அவரையே கேட்டுவிடலாம் என்று சின்னவள் ஓடிப்போய் இந்தப் பெட்டியை எடுத்து வந்தாள். பேடை அவர் விரலடியில் வைத்து டேப் ஒட்டினாள்.

"அப்பா, வீட்டுக்குப் போலாமா? ஆமான்னா ஒரு தடவ அமுக்குங்க. வேணாம்னா ரெண்டு தடவ."

ஸ்பீக்கரில் சத்தமே இல்லை. மூன்று தடவை கேட்டாள்.

"அவருக்கு ஒண்ணுமே புரியல. ஏன் போட்டு உயிர எடுக்கற? விடு" என்றான் பெரியவன்.

விட்டாள். பேடை மட்டும், ஒருவேளை என்று, எடுக்காமல் விட்டாள். மூன்றாம் நாள் காலை அப்பா அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே போய்விட்டார்.

அதிலும் அம்மா ஓர் ஆறுதலைத் தேடிப் பிடித்திருந்தாள். துக்கம் கேட்க வந்த ஒருவர் விடாமல் எல்லோரிடமும் சொன்னாள். "அவருக்கு நெனவே இல்லைங்க. ஆஸ்பத்திரில கெடக்கோம்னே தெரியாது. அந்த மட்டுக்கும் நல்லது."

"அக்கா, மெமரி ரொம்பிக் கெடக்கு" என்றார் தாளம். "மூணு நாள் பதிவு. அழிச்சிடவா?"

"எதுல மூணு நாள்?"

"இந்த ஒத்தப் பேடுலதான். கொழந்த ஏதாவது வெளயாடுச்சா? ஈ உக்காந்த மாதிரி அமுக்கியிருக்கு. நாங்க நெனச்சாலும் இப்படி வராது."

அவள் குனிந்து பார்த்தாள். திரையில் நேர்க்கோடு ஒன்று நீளமாக ஓடியது. அதில் அங்கங்கே சிறுசிறு மேடுகள். மேல் மூலையில் செட்டிங்கின் பெயர் இருந்தது: அப்பா. அன்றைக்கு அவசரத்தில் கை பழக்கத்துக்கு அதையே தட்டியிருக்கிறாள். அப்பாவுக்கு அப்பாவின் செட்டிங். அந்தக் கை இப்போது அந்தக் கை இல்லை என்பது ஒரு நொடிகூடத் தோன்றவில்லை. தன்மேல் தாங்க முடியாத வெறுப்பு வந்தது.

முதல் நாளுக்குத் தள்ளினாள். நாலு பத்துக்கு ஒரு மேடு. நாலு பதினொன்றுக்கு ஒன்று. நாலு பதின்மூன்றுக்கு ஒன்று. அவள் கேட்டது மூன்று தடவை. அதற்கப்புறம் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆனாலும் ஆறு இருபதுக்கு ஒன்று இருந்தது. எட்டு மணிக்கு ஒன்று. மறுநாள் டாக்டர் வந்துபோன நேரத்தில் ஒன்று. கடைசிவரை தேடினாள். இரண்டு சேர்ந்தாற்போல் ஓரிடத்திலும் இல்லை.

"அழிச்சிடவா அக்கா?"

"வேணாம். அலமாரில உங்க பழைய பெட்டி இருக்கு. நாளைக்கு அத வெச்சு சமாளிங்க."

தாளம் அவள் முகத்தைப் பார்த்தார். பழைய பெட்டியோடு கிளம்பினார்.

காபி டம்ளருடன் அம்மா வந்தாள். லேப்டாப் பக்கத்தில் வைத்துவிட்டுத் திரையை எட்டிப் பார்த்தாள்.

"என்னடி அது, கோட்டுல சின்னச் சின்ன மேடா?"

கூடத்தில் பெரியவனின் குறட்டை கேட்டது. சொல்லிவிடலாம். சொன்னால் அம்மா அன்றைக்கு ஆஸ்பத்திரியில் சொன்னதுதான் சரி என்று ஆகும். வீட்டுக்கு என்று முதலில் சொன்னவள் அவள்தான். சரி என்று ஆகி, அதை வைத்துக்கொண்டு மிச்ச நாளெல்லாம் அம்மா என்ன செய்வாள் என்று சின்னவளுக்குத் தெரியவில்லை.

"தட்டிப் பாத்ததும்மா. எப்பவோ."

"உங்கப்பாவா?"

சின்னவள் வாயைத் திறப்பதற்குள் அம்மாவே தலையை ஆட்டிக்கொண்டாள். "சே, இது அவரு கையே இல்ல. அவரு தொட்டா மலை மாதிரில்ல வரும்." அதைச் சொல்லும்போது அவள் குரலில் பெருமை இருந்தது.

"ஆமாம்மா."

"காபி ஆறிடும், குடி. நான் அவன எழுப்பறேன். காலைலேருந்து வயித்துல ஒண்ணும் இல்ல."

அம்மா போனதும் சின்னவள் பேடைத் தன் விரலடியில் வைத்து, முடிந்தவரை மெதுவாக ஒரு தடவை அழுத்தினாள். திரையில் அப்பாவின் மேடுகளைவிட மூன்று மடங்கு உயரமாக ஒன்று எழும்பியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னும் மெதுவாக அழுத்தினாள். இதுவும் உயரம்தான்.

கூடத்தில் அம்மா பெரியவனைத் தட்டி எழுப்பிக்கொண்டிருந்தாள். சின்னவள் விரலை எடுத்து முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள்.